போனில் வரும் வைத்தியம்: நம் சனம் எப்போது நம்பி எடுக்கும்?

(தோட்டத் தலைவர், தலைவியருக்கான சுகாதாரக் கருத்தரங்கில் சங்கத்தின் கல்விப் பிரிவு சார்பில் ஆற்றப்பட்ட உரை. சற்றுச் சுருக்கித் தரப்படுகிறது.)



விறகு எடுக்க, துணி துவைக்க, கடைக்குப் போக என்று வாரம் முழுக்கச் சேர்ந்த வேலை எல்லாம் காத்திருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் வந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கைத்தொலைபேசி வழியாகச் சுகாதார சேவை கொடுப்பது பற்றி இன்று பல நாடுகளில் பேசுகிறார்கள். கர்ப்பிணித் தாய்க்கு வாரம் ஒரு செய்தி அனுப்புவது, பிரஷர் மாத்திரை குடிக்க ஞாபகப்படுத்துவது, கிளினிக் திகதியை அறிவிப்பது, டொக்டரிடம் போனிலேயே ஆலோசனை கேட்பது என்று பல வகை உண்டு. நம் நாட்டிலும் இவை ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கின்றன. நாளை தோட்டத்துக்கும் வரும். வரும்போது, மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் வார்த்தையும் கூடவே வரும்: "தோட்டத்துச் சனத்துக்கு இதெல்லாம் விளங்காது, கொடுத்தாலும் பாவிக்க மாட்டார்கள்."

இந்தப் பேச்சை நாம் ஏற்க முடியாது. கையெழுத்துப் போடத் தெரியாத பாட்டி, குவைத்தில் வீட்டு வேலை செய்யும் மகளோடு இமோவில் முகம் பார்த்துப் பேசுகிறாள். யாரும் அவளுக்கு வகுப்பு எடுக்கவில்லை. மகளைப் பார்க்க வேண்டும் என்ற தேவை இருந்தது, பேரப்பிள்ளை ஒரு தடவை பட்டனைக் காட்டிக் கொடுத்தான், முடிந்தது. ஆகவே போன் பாவிக்க நம் சனத்துக்குத் தெரியும். ஒரு சுகாதார சேவையைச் சனம் பாவிக்கவில்லை என்றால், சேவையில் என்ன குறை என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

இது சங்கத்துக்காரன் பேச்சு என்று நினைக்க வேண்டாம். ஆராய்ச்சி செய்தவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். புதிய தொழில்நுட்பத்தை மனிதர் ஏன் ஏற்கிறார்கள் என்பதை 1989இல் பிரெட் டேவிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுதினார். எனக்குப் பயன் இருக்கிறதா, கையாள இலகுவா என்ற இரண்டு கேள்விகளை அவர் முன்வைத்தார். 2003இல் விஸ்வநாத் வெங்கடேஷ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் இன்னும் இரண்டைச் சேர்த்தார்கள். என்னைச் சுற்றி இருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள், அதைப் பாவிக்கத் தேவையான வசதி எனக்கு இருக்கிறதா என்பவை அவை. 2012இல் செலவையும் பழக்கத்தையும் சேர்த்தார்கள். ஏழை நாடுகளில் சுகாதார சேவை என்று வரும்போது இன்னொன்றும் கட்டாயம் சேர்கிறது. அது நம்பிக்கை.

இவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, மற்ற நாடுகளில் நடந்ததோடு நம் தோட்டத்தையும் வைத்துப் பார்ப்போம்.

முதலாவது பயன். தோட்டத்தில் பயனை நாம் பேரில்தான் கணக்குப் பார்க்கிறோம். கிளினிக்குக்குப் போனால் ஒரு பேர் போகும். 2024 செப்டெம்பர் வர்த்தமானி அடிப்படை நாட்சம்பளத்தை 1,350 ரூபாவாக நிர்ணயித்தது. அந்தக் கணக்கை வைத்துப் பார்த்தாலும், அந்தச் சம்பளம் இழந்து, பஸ் காசும் கொடுத்து, டவுனில் தேத்தண்ணீரும் குடித்து வந்தால் ஒரு பிரஷர் மாத்திரைக் கட்டுக்கு நாம் என்ன விலை கொடுக்கிறோம் என்று விளங்கும். இந்த நிலையில் இருப்பவருக்கு "கிளினிக்குக்குப் போங்கள்" என்று ஒரு குறுஞ்செய்தி வந்தால் என்ன பயன்? அது அவருக்கு ஏற்கனவே தெரியும். போகாமல் இருப்பதற்குக் காரணம் மறதி இல்லை. அதே போன், "இந்த மாதம் மருந்து இருக்கிறது, செவ்வாய்க்கிழமை காலை வாருங்கள், உங்கள் நம்பர் 14" என்று சொன்னால் அவர் எடுப்பார். மருந்து இல்லை என்று திரும்பி வரும் நடை மிச்சம், போன பேராவது வீணாகாது.

கென்யாவில் எச்.ஐ.வி. நோயாளருக்காக நடந்த ஒரு பரிசோதனை இங்கே நமக்குப் பாடம். மூன்று கிளினிக்குகளில் 538 நோயாளர் சேர்ந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு மட்டும் வாரம் ஒரு தடவை கிளினிக்கிலிருந்து எஸ்.எம்.எஸ். வரும். அதில் "மம்போ?" என்ற ஒரே சொல் இருக்கும். சுவாஹிலி மொழியில் "எப்படி சுகம்?" என்று அர்த்தம். நோயாளி 48 மணித்தியாலத்துக்குள் "சாவா", அதாவது சுகம் என்றோ, "ஷிடா", அதாவது பிரச்சினை இருக்கிறது என்றோ பதில் போட வேண்டும். பிரச்சினை என்று வந்தாலும், பதிலே வராவிட்டாலும், தாதி போன் எடுத்துப் பேசுவார். 2010இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. செய்தி கிடைத்தவர்களில் 62 வீதமானோர் மருந்தை ஒழுங்காக எடுத்தார்கள். செய்தி கிடைக்காதவர்களில் 50 வீதம்தான். வைரஸ் கட்டுப்பட்டவர்களும் செய்தி கிடைத்த பக்கத்தில் கூடுதலாக இருந்தார்கள்.

இதில் புதுமையான மெஷின் ஒன்றும் இல்லை. சாதாரண பட்டன் போன் போதும். செய்திக்குப் பின்னால் ஒரு தாதி இருந்தார், கஷ்டம் என்று சொன்னால் கேட்க ஆள் இருந்தது. அந்தப் பயனைச் சனம் கண்டுகொண்டது.

இரண்டாவது இலகு. இலகு என்றால் நமக்கு முதலில் மொழி. தென்னாபிரிக்க சுகாதாரத் திணைக்களம் 2014 ஓகஸ்டில் "மொம்கனெக்ட்" என்ற சேவையைக் கர்ப்பிணித் தாய்மாருக்காகத் தொடங்கியது. அந்த நாட்டில் அப்போது இருந்த 11 உத்தியோகபூர்வ மொழிகளிலும் செய்தி அனுப்பினார்கள். தாய் தனக்கு விருப்பமான மொழியைத் தெரிவு செய்யலாம். செலவு தாய்க்கு இல்லை. தாய் திருப்பிக் கேள்வி கேட்கலாம், ஆஸ்பத்திரியில் நடத்திய விதம் சரியில்லை என்று முறைப்பாடும் அனுப்பலாம். சில வருடங்களிலேயே 10 லட்சத்துக்கு மேற்பட்ட தாய்மார் பதிவு செய்தார்கள்.

இந்தியாவில் மத்திய சுகாதார அமைச்சு 2016 முதல் "கில்காரி" என்ற சேவையைப் பல மாநிலங்களில் நடத்தி வருகிறது. அங்கே எழுத்துச் செய்திக்குப் பதிலாகக் குரலைத் தெரிவு செய்தார்கள். கர்ப்பத்தின் நான்காம் மாதம் முதல் பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை வாரம் ஒரு அழைப்பு வரும். மொத்தம் 72 அழைப்புகள். "டொக்டர் அனிதா" என்ற கற்பனைப் பாத்திரம் பக்கத்து வீட்டு அக்கா மாதிரிப் பேசும். வாசிக்கத் தெரியாத தாயும் கேட்கலாம், மாமியாரும் பக்கத்தில் இருந்து கேட்கலாம்.

நம் நாட்டில் 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆனால் ஆஸ்பத்திரிப் பலகையிலும் படிவத்திலும் எவ்வளவு தமிழ் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். தமிழ் இருக்கும் இடத்திலும் சில நேரம் நமக்கு விளங்காத தமிழ்தான் இருக்கிறது. "குருதி அமுக்கம்", "நீரிழிவு" என்று எழுதினால் எத்தனை பேர் நின்று யோசிப்போம்? "பிரஷர்", "சீனி வருத்தம்" என்று சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். ஆகவே தமிழில் வேண்டும் என்று கேட்பதோடு நிற்காமல், நாங்கள் பேசும் தமிழில், காதால் கேட்கும் குரலில் வேண்டும் என்று கேட்க வேண்டும். அனுப்பும் முன் நாலு தோட்டத்துப் பெண்களைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டுங்கள், விளங்குகிறதா என்று கேளுங்கள் என்றும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, யார் சொல்கிறார் என்பது. முகம் தெரியாத நம்பரில் இருந்து வரும் செய்தியை நாம் லொத்தர் விளம்பரம் மாதிரித்தான் பார்ப்போம். தென்னாபிரிக்காவில் கர்ப்பம் பார்க்க வரும் தாயைக் கிளினிக்கில் இருக்கும் உத்தியோகத்தரே பதிவு செய்தார். தனக்குத் தெரிந்த தாதி சேர்த்துவிட்ட சேவை என்பதால் தாய் அதை நம்பினாள்.

பங்களாதேஷில் 2012இல் தொடங்கிய "ஆபன்ஜன்" என்ற சேவை இன்னொரு விஷயத்தைக் கவனித்தது. ஆபன்ஜன் என்றால் நெருங்கிய உறவு. தாய்க்குச் செய்தி அனுப்பியதோடு, கணவனுக்கும் வீட்டில் முடிவெடுக்கும் பெரியவர்களுக்கும் தனியாகச் செய்தி அனுப்பினார்கள். கர்ப்பிணியின் சாப்பாடும், ஓய்வும், ஆஸ்பத்திரிப் பயணமும் அவள் கையில் மட்டும் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் லயத்திலும் அதே கதைதான். "வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளைக் கொழுந்து மூட்டை தூக்க விடாதே" என்று மருமகளிடம் சொல்லிப் பயனில்லை, மகனிடமும் மாமியாரிடமும் சொல்ல வேண்டும்.

தோட்டத்தில் அப்படிச் சொல்லக் கூடியவர்கள் யார்? குடும்ப சுகாதார மருத்துவிச்சி, பிள்ளை மடுவத்தில் பிள்ளைகளைப் பார்க்கும் பொறுப்பாளர், அப்புறம் இங்கே உட்கார்ந்திருக்கும் தலைவிகள். நீங்கள் மூன்று தரப்பும் சொன்னால் சனம் கேட்கும். உங்களைக் கேட்காமல் கொழும்பில் தீர்மானித்து அனுப்பினால், போனில் வந்தது போனிலேயே அழிந்துவிடும்.

நான்காவது வசதியும் செலவும். இதில்தான் நம் நிலைமை மற்றவர்களுக்குத் தெரிவதில்லை. சில டிவிசனில் லயத்துக்குள் சிக்னல் கிடையாது, மேட்டு லயத்துக்கு ஏறிப் போய்த்தான் பேச வேண்டும். ரீலோட் முடிந்தால் சம்பள நாள் வரை போன் வெறும் லைட்தான். வீட்டுக்கு ஒரு போன் இருந்தால் அது புருஷன் கையில் இருக்கும், அல்லது படிக்கும் பிள்ளை கையில் இருக்கும். பகல் பத்து மணிக்கு அழைப்பு வந்தால் தாய் மலையில் நிற்பாள். வேலை நேரத்தில் போன் எடுக்கக் கூடாது என்று சொல்லும் இடத்தில் அவள் எப்படிக் கேட்பாள்? அந்தி ஏழு மணிக்கு வந்தால் கேட்பாள். நேரத்தை மாற்ற ஒரு சதமும் செலவில்லை, ஆனால் கேட்டால்தானே தெரியும்.

2020இல் கொரோனா முடக்கத்தின்போது, கிளினிக் நோயாளருக்கு மருந்தைத் தபால் மூலம் வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடு நடந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் லயத்துக் காம்பிராவுக்குத் தனி முகவரி இல்லாத தோட்டங்கள் எத்தனை? தோட்டக் காரியாலயத்துக்கு வரும் கடிதம் எந்த நாளில் கைக்கு வரும் என்று நமக்குத் தெரியும். போன் மூலம் மருந்துக்குச் சொல்லி வைத்தாலும், மருந்து வந்து சேர முகவரி வேண்டும். காணி, வீடு, முகவரி என்று நாம் நடத்தும் போராட்டத்தில் சுகாதாரமும் அடங்கியிருக்கிறது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. திட்டம் ஒன்று வரும், படம் எடுப்பார்கள், ஒரு வருடத்தில் காசு முடிந்ததும் நம்பர் வேலை செய்யாது. உகண்டாவில் இப்படி எத்தனையோ பரிசோதனைத் திட்டங்கள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் முளைத்ததால், 2012 ஜனவரியில் அந்த நாட்டின் சுகாதார அமைச்சே தலையிட்டு, ஒருங்கிணைப்பு வரும் வரை இப்படிப்பட்ட திட்டங்களை நிறுத்தி வைத்தது. ஒரு தடவை அழைத்து யாரும் எடுக்காவிட்டால், அடுத்த தடவை சனம் அழைக்காது. அதற்குப் பிறகு நல்ல சேவை வந்தாலும் நம்ப மாட்டார்கள்.

ஐந்தாவது நம்பிக்கையும் இரகசியமும். கென்யாவில் அனுப்பிய செய்தியில் நோயின் பெயர் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? "எப்படி சுகம்" என்று மட்டும்தான் இருந்தது. போனை வேறு யாராவது எடுத்தாலும் நோயாளியின் இரகசியம் வெளியே வராது. நம் வீடுகளில் ஒரே போனை அஞ்சு பேர் எடுக்கிறார்கள். குடும்பக் கட்டுப்பாடு பற்றிய செய்தியோ, காசநோய் மருந்து பற்றிய செய்தியோ திறந்தபடி வந்தால், அடுத்த நாள் பெரட்டுக் களத்தில் பேச்சாகிவிடும். அப்படி ஒரு பெண்ணுக்கு நடந்தால் போதும், அந்த லயத்தில் ஒருவரும் தன் நம்பரைக் கொடுக்க மாட்டார்கள்.

இதைவிடப் பெரிய கேள்வி, நாம் கொடுக்கும் விபரம் யார் கைக்குப் போகிறது என்பது. யார் கர்ப்பம், யாருக்கு முதுகு வருத்தம், யாருக்கு நெஞ்சு வருத்தம் என்ற பட்டியல் நிருவாகத்தின் மேசைக்குப் போனால் அது வேலை கொடுப்பதையும் கொடுக்காததையும் தீர்மானிக்கும் கருவியாக மாறலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலம் பற்றிய விபரங்களை விசேட பாதுகாப்புக்குரிய தரவாக வகுத்திருக்கிறது. சட்டத்தின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். விபரம் கேட்டு வருபவரிடம், "இது யாரிடம் இருக்கும்? துரைக்குப் போகுமா?" என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இவ்வளவும் சொன்ன பிறகு, நம் நாட்டிலேயே சனம் நம்பி எடுக்கும் ஒரு சேவையைச் சொல்ல வேண்டும். அது 1990, சுவசெரிய அம்புலன்ஸ். இந்திய அரசின் நன்கொடையோடு 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பின்னர் நாடு முழுவதும் விரிந்தது. சின்ன நம்பர், எந்தப் போனிலும் அழைக்கலாம், காசு இல்லை. அழைத்தால் ஆள் பேசுகிறார், பயிற்சி பெற்ற உதவியாளரோடு வண்டி வருகிறது. நான் சொன்ன காரணங்களை எண்ணிப் பாருங்கள், பயன், இலகு, செலவு, நம்பிக்கை எல்லாம் அதில் இருக்கின்றன. அதனால்தான் அதைப் பாவிக்கச் சொல்லி யாரும் கெஞ்ச வேண்டியதில்லை.

நமக்கு அதில் மிஞ்சியிருக்கும் கஷ்டம் இடம் சொல்வதும் பாதையும். ஆகவே ஒரு வேலை தருகிறேன். ஒவ்வொரு லயத்திலும், சுவரில் எல்லோருக்கும் தெரியும்படி ஒரு தாள் ஒட்டுங்கள். 1990 என்ற நம்பர், தோட்டத்தின் பெயர், டிவிசன், பிரதான பாதையில் எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும், வண்டி எதுவரை வரும் என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். பதற்றத்தில் வாய் வராது, தாள் பார்த்து வாசிக்கலாம். வண்டி வராத இடத்தில் இருந்து நோயாளியைச் சந்திவரை கொண்டு வரும் இளைஞர் யார் என்பதையும் இப்போதே பேசி வையுங்கள்.

இனி சங்கம் என்ன கேட்க வேண்டும் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தோட்டத்துக்கு எந்தப் போன் சுகாதார சேவை வந்தாலும் நம் நிபந்தனைகள் இவை. ஒன்று, அழைப்பும் செய்தியும் முழுக்க இலவசம், பட்டன் போனிலும் வேலை செய்ய வேண்டும். இரண்டு, நாம் பேசும் தமிழில், குரலில் இருக்க வேண்டும். மூன்று, கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஒரு மனிதர் இருக்க வேண்டும். நான்கு, மருத்துவிச்சியும் தோட்டத்துப் பெண்களும் அதைத் திட்டமிடும் மேசையில் இருக்க வேண்டும். ஐந்து, நம் உடல்நல விபரம் நிருவாகத்துக்குப் போகாது என்று எழுத்தில் உறுதி வேண்டும். ஆறு, இதைக் காட்டி டிஸ்பென்சரியை மூடவோ, மருத்துவிச்சியின் வெற்றிடத்தை நிரப்பாமல் விடவோ கூடாது.

அந்த ஆறாவதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்று, மற்ற ஊர்களுக்குக் கிடைக்கும் அதே சேவையைத் தர வேண்டும் என்பது நம் நெடுநாள் கோரிக்கை. சில இடங்களில் நடந்தது, பல இடங்களில் இன்னும் நடக்கவில்லை. "இனி போனில் டொக்டர் இருக்கிறார்தானே" என்று யாராவது அந்தக் கோரிக்கைக்குப் பதில் சொல்ல வந்தால், நாம் விழிப்பாக இருக்க வேண்டும். போன் பிரஷர் பார்க்காது, ஊசி போடாது, பிரசவம் பார்க்காது. கென்யாவிலும் தென்னாபிரிக்காவிலும் போன் பயன் தந்தது, அதன் மறுமுனையில் கிளினிக் திறந்திருந்ததால்தான்.

எனவே தோழர்களே, போன் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஒரு பேர் மிச்சமாகும் என்றால், ஒரு தாயின் உயிர் பிழைக்கும் என்றால், முதல் ஆளாக நாம் எடுப்போம். கேட்க வேண்டியதைக் கேட்டு எடுப்போம். இந்த ஆறு நிபந்தனைகளையும் அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில் உங்கள் தோட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். சனம் ஏழாவதாக ஒன்றைச் சொன்னால் எழுதிக்கொண்டு வாருங்கள், அதையும் சேர்ப்போம்.